பாலைவனத் திருவிழாவில் பாலைவனத்துக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் மாசிப் பௌர்ணமியை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் பாலைவனத் திருவிழாவை மனதாரப் போற்றுகிறேன். மாங்கணியார் என்னும் பரம்பரைப் பாடகர்களின் இசையும், 2010-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கால்பேலியா நடனமும் உலகின் கவனத்தைப் பெறுவது அந்தக் கலைஞர்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை. ஆனால் அந்தப் பாட்டுகளை விளைவித்த நிலத்தைப் பற்றி விழா மேடையும் பேச வேண்டும்.

விழா நடக்கும் சாம் மணல்மேடுகளை அடுத்து, 3,162 சதுர கிலோமீட்டரில் பாலைவனத் தேசியப் பூங்கா விரிகிறது. கானமயில் என்னும் பெரிய தரைப் பறவையின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று அது. பெரும்பாலும் ஒரே ஒரு முட்டையிடும் பறவை. எதிரே வரும் மின்கம்பியைக் கவனிக்கும் பார்வை அதற்கில்லை, மோதிச் சாகிறது. எஞ்சியிருப்பவை 200-ஐக்கூட எட்டாது.

பூங்காவுக்கு வெளியே கிராமத்தார் காப்பாற்றிவரும் 'ஓரண்'களும் இருக்கின்றன. தெய்வத்துக்கு விட்ட பொது நிலங்கள். மேய்க்கலாம், மரத்தை வெட்டக் கூடாது. நம் ஊர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் அதே வன்னிதான் அங்கும் காக்கப்படுகிறது. இவற்றில் பல, அரசுப் பதிவேடுகளில் தரிசு என்றே எழுதப்பட்டிருப்பதால் சூரிய மின் திட்டங்களுக்குப் போய்விடுகின்றன. எனக்குப் பெரிதும் வலிப்பது இதுதான். ஓரண்களை அளந்து வனமாக வகைப்படுத்த வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தப் பணி விரைவாக நடக்க வேண்டும்.

மீசைப் போட்டிக்கும் தலைப்பாகைப் போட்டிக்கும் நேரம் ஒதுக்கும் ராஜஸ்தான் சுற்றுலாத் துறை, ஓரண்களைக் காக்கும் மேய்ப்பர்களையும் அடுத்த விழாவில் மேடையேற்றிப் பேச வைக்க வேண்டுகிறேன்.

- வாசகர், விருத்தாசலம்