இரவில் ஓடும் நிரலுக்கும் ஸ்கோப் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையச் செயலி எழுதுவது குறித்து நான் படித்த தமிழ்ப் பாடங்கள், நிரலின் ஒரு பகுதிக்குத் தேவையான பொருள்களை அதுவே உருவாக்காமல் வெளியிலிருந்து வழங்கும் முறையான டிபெண்டென்சி இன்ஜெக்‌ஷனைப் பயனரின் கோரிக்கையோடு மட்டும் பொருத்திச் சொல்லி நிறுத்திவிடுகின்றன. குறித்த நேரத்தில் பின்னணியில் ஓடும் பணிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மைக்ரோசாஃப்டின் இணையச் செயலிக் கட்டமைப்பான ஏஎஸ்பி டாட் நெட் கோரில், தரவுத்தளத்தோடு பேசும் டிபிகான்டெக்ஸ்ட் வழக்கமாகக் கோரிக்கைக்கு ஒன்றாக உருவாகி, கோரிக்கை முடிந்ததும் விடுவிக்கப்படுகிறது. ஒரு பொருள் வாழும் இந்த எல்லையே ஸ்கோப். பின்னணிப் பணிக்கோ கோரிக்கையே கிடையாது. 2018-இல் வந்த, பின்னணிப் பணிகளுக்கான பேக்ரவுண்ட்சர்வீஸ் வகுப்பின் (கிளாஸ்) பொருள் (ஆப்ஜெக்ட்), செயலி தொடங்குவது முதல் நிற்பது வரை ஒன்றே. அதன் கன்ஸ்ட்ரக்டரில் (பொருள் உருவாகும்போது ஓடும் பகுதியில்) டிபிகான்டெக்ஸ்டை நேரடியாகக் கேட்டால், ஸ்கோப்புக்குள் மட்டும் வாழ வேண்டிய பொருள் செயலி நிற்கும்வரை சிக்கிக்கொள்ளும் என்பதால், நிரல் எழுதும் டெவலப்மென்ட் சூழலில் செயலி பிழை காட்டி நின்றுவிடும். பயனர்களுக்காக ஓடும் புரொடக்‌ஷனில் அந்தச் சோதனை இயல்பாக இயங்குவதில்லை.

நான் சரிபார்க்க நேர்ந்த ஒரு செயலியில், இரவுதோறும் கட்டண நினைவூட்டல் அனுப்பும் பணி இருந்தது. அதை எழுதிய இளைஞர் இந்தப் பிழையைக் கண்டு, ஸ்கோப் உருவாக்கித் தரும் ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரி கொண்டு முறைப்படி ஸ்கோப் திறந்திருந்தார். ஆனால் இரவுதோறும் பணியைத் திரும்ப ஓட்டும் லூப்புக்கு வெளியே, ஒரே ஒரு முறை. பிழைச் செய்தி மறைந்தது, குறை மறையவில்லை. கைபேசி எண்ணை மாற்றிக்கொண்ட வாடிக்கையாளர்களுக்கான செய்திகள் பழைய எண்ணுக்கே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு இரவும் வினவல் தரவுத்தளத்துக்குச் சென்று புதிய எண்ணோடுதான் திரும்பியது. எனினும், எல்லா இரவும் அதே டிபிகான்டெக்ஸ்ட்தான்; முன்பே நினைவில் வைத்துக் கண்காணித்துவரும் பொருளின் மதிப்புகளை, டிபிகான்டெக்ஸ்டைத் தரும் என்டிட்டி ஃபிரேம்வொர்க் புதியவற்றால் மாற்றாது என்பதால், நிரலின் கைக்கு வந்தது பழைய எண். செயலியை மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடும் என்பதால் பல வாரங்கள் காரணம் பிடிபடவில்லை. யாரோ ஒருவருடைய பாக்கி விவரம் வேறொருவர் கைக்குப் போவதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை.

ஸ்கோப் திறக்கும் வரியை லூப்புக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விடுவித்ததும் குறை தீர்ந்தது. அந்த இளைஞரை நான் குறைகூற மாட்டேன். அவர் படித்த பாடத்தில் லூப்பே இல்லை.

பிழை கையாளுதலையும் இதோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும். டாட் நெட் 6 முதல், பேக்ரவுண்ட்சர்வீஸில் பிடிக்கப்படாத பிழை ஒன்று எழுந்தால் செயலி முழுவதுமே நிறுத்தப்படுகிறது.

தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் இத்தகைய பாடம் வெளியாகும்போது, லூப்புக்குள் ஸ்கோப் திறந்து மூடும் நிரலை முழுமையாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்