டின் மீனைப் பற்றி அப்பாவுக்கு

சுங்கை நிபோங்,
பினாங்கு.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. வயிற்றில் பிள்ளையைச் சுமந்துகொண்டு தகர டப்பாவில் அடைத்த மீனைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "ஒன்றும் ஆகாது" என்று ஒரு வரியில் எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வராது என்பதை அறிவேன். பள்ளியில் கணக்கு எடுத்தவர் நீங்கள், எண்ணும் காரணமும் இல்லாத பதிலை ஏற்கமாட்டீர்கள். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

அக்கரைப்பேட்டையில் படகிலிருந்து இறங்கும் மீனைச் செவுளை விரித்துப் பார்த்து வாங்கிப் பழகிய உங்களுக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். இங்கும் பச்சை மீனுக்குப் பஞ்சமில்லை. கானாங்கெளுத்தியைக் கெம்போங் என்று சொல்லிக் காலைப் பசாரில் குவித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் மாப்பிள்ளைக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் மாறி மாறி வருகிறது. நானும் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் மீன் கடைகளைக் கழுவிவிட்டிருப்பார்கள். அதனால் வாரத்தில் ஓரிரு வேளை டின் மீன்தான்.

இந்த ஊரில் அது யாரும் முகம் சுளிக்கும் உணவன்று. தக்காளிச் சாற்றில் அடைத்த மத்தியைத் தமிழர்களும் 'சாடின்' என்றே சொல்கிறார்கள். ரொட்டி சானாய்க்குள் அதை வைத்து மடிக்கிறார்கள், கறிபாப்புக்குள் அடைக்கிறார்கள். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டு அம்மா, மாதக் கடைசியில் ஒரே ஒரு டின்னில் வெங்காயமும் பச்சை மிளகாயும் அள்ளிப் போட்டுச் சம்பல் கிளறிக் குடும்பமே சோறுண்ட கதையை இன்றும் பெருமையாகச் சொல்வார். சேவல் படம் ஒட்டிய ஒரு நிறுவனத்தின் டின்கள் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கும். 1892இல் ஆல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் தொடங்கிய வணிகம் அது. நாம் நினைப்பதுபோல் இது நேற்று வந்த பழக்கமில்லை.

நீங்கள் அஞ்சுவது 'பழைய மீனை மருந்து போட்டு அடைக்கிறார்கள்' என்பதற்கு. உண்மையில் டின் மீன் கெடாமல் இருப்பது மருந்தால் அல்ல, வெப்பத்தால். மீனை டின்னில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, அதன் பிறகு அழுத்தக் கொப்பரையில் வேகவைக்கிறார்கள். 121 டிகிரியில் சில நிமிடங்கள் வைத்ததற்கு ஈடான வெப்பம் டின்னின் நடுப்பகுதிக்கும் எட்ட வேண்டும் என்பது கணக்கு. காற்றில்லாத இடத்தில் நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்துகளைக் கொல்வதற்கே இவ்வளவு சூடு. மூடிய பின் வேகவைப்பதால், டின் முழுமையாக இருக்கும்வரை உள்ளே புதிய கிருமி புகாது. டின்னில் ஓட்டை விழுந்தால் மட்டும் எல்லாம் வீணாகிவிடும். 1978இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் டின் சால்மன் மீனை உண்ட நான்கு பேருக்குப் பொட்டுலினம் நஞ்சேறி, இருவர் இறந்தார்கள். அந்த டின்னில் இருந்தது கண்ணுக்கு எளிதில் படாத சிறு துளைதான்.

ஆகையால் கடையில் நான் முதலில் பார்ப்பது விலையையோ படத்தையோ அல்ல, டின்னின் உடம்பை. மேலும் கீழும் மூடி உப்பியிருந்தால், விரலால் அழுத்தும்போது உள்ளே போய் 'டொக்'கென்று திரும்பி வந்தால், இரண்டாவது சிந்தனைக்கே இடமில்லை. நடுவயிற்றில் விழுந்த மேலோட்டமான நெளிவு அவ்வளவு பெரிய குற்றமல்ல. மூடியும் உடலும் சேரும் விளிம்பு மடிப்பில் அடிபட்டிருந்தால் அதை எடுக்கக் கூடாது. துடைத்தால் போகாத துருவும் அப்படித்தான். சில பேரங்காடிகளில் நசுங்கிய டின்களைத் தனியே குவித்து விலை குறைத்து விற்பார்கள். அந்தக் கூடையின் பக்கம் நான் திரும்புவதேயில்லை. திறக்கும்போது பீய்ச்சியடித்தாலோ வாடை மாறியிருந்தாலோ, ருசி பார்க்காமல் கட்டிக் குப்பையில் போட வேண்டும். ஒருவேளை நீங்கள் பார்க்க நேர்ந்தால் பயப்பட வேண்டாம் என்பதற்காக ஒன்று சொல்கிறேன்: மீனுக்கு நடுவே கண்ணாடித் துண்டு போன்ற படிகங்கள் சில சமயம் தென்படும். மீனிலுள்ள தாதுக்களே சேர்ந்து உறைந்த அவை தீங்கற்றவை. வெதுவெதுப்பான எலுமிச்சைச் சாற்றில் போட்டால் கரைந்துவிடும், கண்ணாடி கரையாது.

வெப்பத்தால் சரிசெய்ய முடியாத குறை ஒன்று உண்டு. மத்தி, கானாங்கெளுத்தி, சூரை ஆகிய மீன்களைப் பிடித்தவுடன் ஐஸில் வைக்காவிட்டால் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகிறது. அது எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. உண்டவருக்குச் சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, தலைவலியும் தடிப்பும் வரும். உங்களுக்கு ஒருமுறை சூரைக் குழம்புக்குப் பிறகு வந்தது இதுவாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே நாக்கில் மிளகுபோல் சுரீரென்று காரம் தட்டினாலோ, சதையில் தேனடைபோல் ஓட்டைகள் தெரிந்தாலோ நிறுத்திவிட வேண்டும். கெட்ட மீனை எந்த டின்னும் நல்ல மீனாக்காது என்று நீங்கள் சொன்னால், இந்த இடத்தில் நான் உங்கள் கட்சி.

இனிப் பிள்ளைக்கான கவலைக்கு வருகிறேன். கடலில் சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன, பாதரசம் மேலே மேலே சேர்கிறது. அது கருவிலுள்ள குழந்தையின் மூளையைப் பாதிக்கும் என்பதை ஜப்பானின் மினமாட்டா நகரில் ஆலைக் கழிவின் பாதரசத்தால் நேர்ந்து 1956 முதல் வெளிவந்த துயரம் உலகுக்குக் காட்டியது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அளவீட்டின்படி, பத்து லட்சம் பங்கில் மத்தியின் சராசரிப் பாதரசம் 0.013, டின் சால்மனில் 0.014, சிறு வகைச் சூரை அடைத்த 'லைட்' டின்னில் 0.126, வெள்ளைச் சூரை எனப்படும் அல்பகோர் டின்னில் 0.350. அதாவது அல்பகோரில் மத்தியைப்போல் ஏறக்குறைய 27 மடங்கு. கர்ப்பிணிகள் பாதரசம் குறைந்த மீனை வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை உண்பது நல்லது என்றே அந்த நிர்வாகம் சொல்கிறது. மீனே வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சூரை டின்னை அபூர்வமாகத்தான் எடுக்கிறேன், அதுவும் லைட் வகையை மட்டும்.

சத்திலும் மத்திக்குத்தான் என் ஓட்டு. எண்ணெயில் அடைத்து வடித்த மத்தி 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதமும் 380 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் இருக்கின்றன. ஒமேகா-3 கொழுப்பு சுமார் ஒரு கிராம். அந்தச் சுண்ணாம்பில் பெரும்பகுதி முள்ளில்தான் இருக்கிறது. டின்னில் முள் மெழுகுபோல் மிருதுவாகிவிடுவதால் விரலால் நசுக்கிச் சேர்த்துக்கொள்கிறேன். முள் நீக்கிய டின்னைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது என் கண்ணுக்கு வீண்செலவு.

குறை சொல்ல வேண்டுமென்றால் உப்பைத்தான் சொல்வேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது. தக்காளிச் சாற்று டின்களில் உப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. லேபிளில் 100 கிராமுக்கு எவ்வளவு, ஒரு பரிமாறலுக்கு எவ்வளவு என்று இரண்டு பத்திகள் இருக்கும். பரிமாறலின் அளவை அவரவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்வதால் நான் 100 கிராம் பத்தியை மட்டுமே ஒப்பிடுகிறேன். சமைக்கும்போது வேறு உப்புச் சேர்ப்பதில்லை. வடித்த எடை என்றும் ஓர் எண் இருக்கும். 425 கிராம் டின் என்று எடுத்துவந்தால் அதில் எவ்வளவு மீன், எவ்வளவு சாறு என்பது அதைப் பார்த்தால்தான் புலப்படும். மீந்ததைத் திறந்த டின்னிலேயே விடாமல் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே முடித்துவிடுகிறேன்.

டின்னின் உட்பூச்சில் இருக்கும், ஹார்மோன்களைக் குழப்பும் என்று அஞ்சப்படும் பிஸ்பீனால்-ஏ என்ற வேதிப்பொருளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் உணவைத் தொடும் பொருள்களில் அதற்கு விதித்த தடை 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து, படிப்படியாக அமலாகிறது. அது இல்லை என்று அச்சிட்ட டின்னும் பக்கத்தில் இருந்தால் அதை எடுத்துக்கொள்கிறேன். தினமும் டின்னிலேயே சாப்பிடுவதில்லை என்பதால் அதற்குமேல் அலட்டிக்கொள்வதில்லை.

இன்னொன்று அம்மாவைப் பற்றியது. பிரசவத்துக்கு வரும்போது பால் ஊறுவதற்குச் சுறாக் கருவாடு கொண்டுவரப் போவதாகத் தொலைபேசியில் சொன்னார். நான் மேலே சொன்ன அதே அமெரிக்க அறிவுரையில், கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் வரிசையில் சுறாவும் இருக்கிறது. பால் சுறா சிறியதுதானே என்று அம்மா வாதாடுவார். ஆனால் பட்டியல் இன்ன சுறா என்று பிரிக்காமல் சுறா என்றே சொல்கிறது. கருவாடு என்றால் உப்பும் சேர்ந்துவிடும். நான் சொன்னால் "நாலு எழுத்துப் படித்துவிட்டு எனக்கே பாடம் எடுக்கிறாள்" என்பார், ஆகவே நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். மீன் புட்டே எனக்கு வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தண்ணீரில் அடைத்த மத்தி டின்கள் சிலவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். பூண்டும் சின்ன வெங்காயமும் அவர் அளவுக்குப் போட்டு, அந்த மத்தியை உதிர்த்துப் புட்டுச் செய்து தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்