பால்போல் வெளுத்த தண்ணீர் தெளிந்த கதை: நால்வருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள ஐயா, அக்கா, தம்பி, கோமாளி மீன் வளர்க்கும் அம்மா, உங்கள் நால்வருக்கும் வணக்கம்.

என் கடல்நீர்த் தொட்டி தெளிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பார்க்கும்போதெல்லாம் "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். அது போதாது என்று மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் ஒவ்வொருவரும் என்ன செய்தீர்கள் என்பதை நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த மடல்.

தொட்டி 200 லிட்டர். அரகோனைட் என்னும் சுண்ணாம்பு மணலைச் சரியாக அலசாமல் கொட்டி, அதன் மேல் நேராகத் தண்ணீரை ஊற்றினேன். முதல் நாள் முழுக்க ஒரே புழுதி. ஃபில்டரில் பஞ்சை மாற்றி மாற்றி வைத்ததில் அது மூன்றே நாளில் அடங்கிவிட்டது. என்னை உலுக்கியது ஏழாம் நாள் காலைதான். முந்தின இரவு பளிச்சென்று இருந்த தண்ணீர், பாலைக் கரைத்துவிட்டது போல வெளுத்துக் கிடந்தது. பாறை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டிவிட்டு, பாறையையும் மணலையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். வாளியை எடுத்து வைத்த பிறகுதான், ஐயா, உங்களுக்குப் போன் செய்தேன்.

"ஒண்ணும் தொடாதீங்க. முதல்ல ஒரு தம்ளர்ல அந்தத் தண்ணியை எடுத்து வைங்க" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியம் என் தொட்டியைக் காப்பாற்றியது.

தம்ளருக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் ஒன்றை நிறுத்தி வைக்கச் சொன்னீர்கள். சில நிமிடங்களிலேயே அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டு வந்தால் அது பம்போ, நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரோ கிளப்பும் நுண்குமிழி. ராத்திரி முழுக்க வைத்தபின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் மணல் தூசி. பச்சை சாயல் தெரிந்தால் பாசி. விடிந்த பிறகும் அப்படியே வெளுப்பாக இருந்தால் பாக்டீரியா. இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. மங்கலாக இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்த என்னை, எந்த வகை மங்கல் என்று கேட்க வைத்தீர்கள். விடிந்து பார்த்தபோது தம்ளரில் தண்ணீர் அப்படியே வெளுத்திருந்தது.

சொன்னதோடு நிற்காமல் அன்று காலையே நேரிலும் வந்தீர்கள். டார்ச் அடித்து ஒவ்வொரு பாறையாகப் பார்த்தீர்கள், எடுத்து மோந்தும் பார்த்தீர்கள். ஒரு பாறையின் அடியில் செத்துப்போன கடற்பஞ்சு ஒன்று கறுத்து, அழுகிய முட்டை போல நாறிக்கொண்டிருந்தது. அதைக் குழாய்த் தண்ணீரில் அல்லாமல், ஒரு வாளி உப்புநீரில் வைத்து பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தீர்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் பட்டால் பாறையில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாக அம்மோனியா உண்டாவதற்காக நான் போட்டு வைத்திருந்த இறால் துண்டையும் வெளியே எடுக்கச் சொன்னீர்கள். அது பாதி கரைந்தே போயிருந்தது.

அக்கா, பயத்தைப் போக்கியவர் நீங்கள். நுண்ணுயிர்களைப் படித்தவர் என்பதால் அன்று மாலை ஒரு மணி நேரம் பொறுமையாக விளக்கினீர்கள். அழுகும் பொருளைத் தின்னும் பாக்டீரியா வேறு, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேறு. முதல் வகை தண்ணீரிலேயே மிதந்து மளமளவென்று பெருகும். இரண்டாவது வகை பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் வளரும். தண்ணீர் வெளுத்தது முதல் வகையால். தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனால் அது தானாக அடங்கிவிடும் என்றீர்கள். தண்ணீரை மொத்தமாக மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "அழுகுற பொருள் உள்ளேயே இருந்தா, ரெண்டு நாள்ல மறுபடியும் இதே நிலைதான்" என்றீர்கள்.

இன்னொன்றையும் நீங்கள்தான் அழுத்திச் சொன்னீர்கள். இந்த வெளுப்பில் பெரிய ஆபத்து பார்வைக்கு அசிங்கமாக இருப்பது இல்லை, மூச்சு. இவ்வளவு பாக்டீரியாவும் தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஸ்கிம்மரை நிறுத்தக் கூடாது, நீரோட்டம் உண்டாக்கும் பவர்ஹெட்டை மேல்மட்டத்தில் அலை எழும்படி திருப்பி வைக்க வேண்டும். நானோ சத்தமாக இருக்கிறது என்று ராத்திரியில் ஸ்கிம்மரை அணைத்துக்கொண்டிருந்தேன். மீன் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

தம்பி, உனக்கும் சொல்ல வேண்டும். மாற்றுவதற்கு வைத்திருந்த உப்புநீர் வாளியும் வெள்ளையாகவே இருந்ததைக் கவனித்தவன் நீதான். உப்பை முதலில் கொட்டி அதன் மேல் தண்ணீரை ஊற்றினால், உப்பு குவிந்த இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து சுண்ணாம்பாகத் திரண்டுவிடும், அது மறுபடியும் லேசில் கரையாது என்று புரிய வைத்தாய். அப்புறம் ஆர்.ஓ. தண்ணீரை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, ஒரு நாள் கலக்கிய தெளிந்த நீரை நீயே கொண்டுவந்து தந்தாய். பரீட்சை நேரத்தில் வாளி சுமந்து வந்தாயே, அதை மறக்க மாட்டேன்.

அம்மா, உங்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன். பன்னிரண்டாம் நாள் வெளுப்பு போய்த் தண்ணீர் தெளிந்ததும், நீங்கள் தருவதாகச் சொன்ன கோமாளி மீன் ஜோடியைக் கேட்டு வந்தேன். தர மறுத்துவிட்டீர்கள். "தண்ணி தெளிஞ்சா போதுமா? டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம் வந்தது, முகத்திலும் காட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து சோதித்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப்போய் இருந்தன. மீனுக்கு விஷமான தண்ணீர் கண்ணுக்குப் பளிங்கு போலத் தெரியும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இரண்டும் பூஜ்யத்துக்கு வர ஆறாவது வாரம் ஆகிவிட்டது. இடையில் மணலெல்லாம் டயட்டம் என்ற நுண்பாசி படிந்து பழுப்பாகிப் பின் அதுவும் மறைந்தது. நீங்களே வந்து, இரண்டு முறை சோதித்துப் பார்த்த பிறகுதான் மீனை விட்டீர்கள். அந்தப் பிடிவாதத்தால்தான் இரண்டும் இன்று உயிரோடு இருக்கின்றன. சின்னது எப்போதும் ஹீட்டர் பக்கத்தில்தான் தூங்குகிறது.

ஐயா, உப்பளவு பார்க்கும் உங்கள் ரிஃப்ராக்டோமீட்டர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதே தண்ணீரின் அடர்த்தியை என் முள் ஹைட்ரோமீட்டர் 1.025 என்று காட்டியபோது உங்களுடையது 1.021 காட்டியது. முள்ளில் குமிழி ஒட்டியிருந்ததால் அளவு கூடத் தெரிந்திருக்கிறது. இப்போது நானும் ஒன்று வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உங்களுடையதைத் துடைத்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்கள் மாணவன்