ஆசிரியருக்கு மாணவர் போடும் மார்க்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளச்சலிலிருந்து ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் இதழில் படித்தேன். அவருடைய மகளுக்கு ஒரு தாளில் ஐந்து யூனிட் இருக்கிறது. வகுப்பில் நடத்தியது மூன்றுதான். மீதி இரண்டையும் 'நீங்களே பார்த்துக்கோங்க' என்று விட்டுவிட்டார்களாம். ஆகவே மாணவர்கள் ஆசிரியருக்குப் போடும் மார்க்கை வைத்தே அவருடைய பணி நீட்டிப்பையும் பதவி உயர்வையும் முடிவு செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய கோபம் முழுக்க நியாயம். ஆனால் அவர் கேட்பதைச் செய்தால் அந்தப் பெண்ணுக்கு எந்த நன்மையும் வராது, வேறு சிலருக்குப் பெரிய கெடுதல் வரும். இரண்டையும் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் 31 ஆண்டுகள் கணிதம் நடத்தினேன். கடைசி ஆறு ஆண்டுகள் உள் தர உறுதிக் குழுவில் இருந்தேன். கல்லூரிக்குள் ஐக்யூஏசி என்றுதான் சொல்வோம். மாணவர் கருத்துப் படிவங்கள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

அவை எப்படி வந்து சேர்ந்தன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். செமஸ்டர் முடிகிற வாரம் வகுப்புத் தலைவர் வாட்ஸப்பில் ஒரு லிங்க் போடுவார். 'சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் போட்டிருங்க, போட்டாத்தான் ஹால் டிக்கெட்' என்று கூடவே ஒரு வரி. ஆறு தாள், ஆறு ஆசிரியர், ஆளுக்குப் பதினைந்து கேள்வி. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் எல்லாவற்றுக்கும் 5, 5, 5 என்று தட்டிவிட்டுப் போவார்கள். பெயர் தேவையில்லை என்று படிவத்தில் எழுதியிருக்கும். உள்ளே நுழைய மட்டும் பதிவு எண் கேட்கும். 25 அக மதிப்பெண் அதே ஆசிரியர் கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளை மனதில் இருப்பதைச் சொல்லும்? கேள்விகளும் ஆங்கிலத்தில். ஒருநாள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசைக்கு வந்து, "சார், பெடகாஜின்னா என்ன?" என்று கேட்டாள். கற்பிக்கும் முறை என்று சொன்னேன். "ஓ, அதுவா? நான் அதுக்கு 4 போட்டுட்டேனே" என்றாள். அந்த 4 கணக்கில் சேர்ந்தது. சராசரி எடுத்தோம், வரைபடம் போட்டோம், கோப்பில் வைத்தோம்.

இந்தச் சராசரியை நம்பி ஒருவருடைய வேலையைத் தீர்மானித்ததையும் நான் பார்த்திருக்கிறேன். சுயநிதிப் பிரிவில் இளம் ஆசிரியை ஒருவர் இருந்தார். தொகுப்பூதியம், ஆண்டுதோறும் புதுப்பிக்கிற வேலை. ரியல் அனாலிசிஸ் என்ற, முழுக்க நிரூபணங்களாலான கணிதத் தாளை நடத்தினார். தேற்றத்தை எழுதிப் போட்டுவிட்டு உட்காரமாட்டார். மாணவர்களைப் போர்டுக்கு அழைத்து நிரூபிக்கச் சொல்வார். ஒரு படி தவறினால் அங்கேயே நிறுத்தி, 'இது எங்கேயிருந்து வந்தது?' என்று கேட்பார். பிள்ளைகளுக்கு அது வேதனை. பக்கத்து வகுப்பிலோ நோட்ஸைச் சொல்லிச் சொல்லி எழுதவைத்து, தேர்வுக்கு வரும் பத்துக் கணக்கைக் கோடிட்டுக் கொடுத்தவருக்கு 4.8 வந்தது. இந்த அம்மாவுக்கு 3-ஐ ஒட்டித்தான் வந்தது. அடுத்த ஜூனில் அவரைக் கூப்பிடவில்லை. அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கிறது. அவரிடம் படித்த பிள்ளைகள் எம்.எஸ்சி.க்குப் போன பிறகு என்னிடம் வந்து, 'அந்த மிஸ் எங்கே இருக்காங்க சார்?' என்று கேட்டார்கள். முதல் செமஸ்டரில் மற்றவர்கள் திணறிய இடத்தில் தங்களுக்குத் திணறல் இல்லை என்றார்கள். அப்போது அவர் ஊரிலேயே இல்லை.

இது ஒரு கல்லூரியில் நடந்த ஒரு சம்பவம்தானே என்று கேட்கலாம். சரி. அமெரிக்க விமானப்படை அகாடமியில் இதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே எந்த மாணவர் எந்த ஆசிரியரிடம் போவது என்பது குலுக்கல் போலத்தான் அமையும். மாணவர் தேர்ந்தெடுக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். ஆகவே ஒப்பிடுவது சுலபம். ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் 10,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்களை எடுத்து, கால்குலஸ் முதல் தாளிலும் அதை ஒட்டி அடுத்து வரும் தாள்களிலும் அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது இதுதான்: மாணவர்களிடம் நல்ல மார்க் வாங்கிய ஆசிரியர்களின் வகுப்பு அந்தத் தேர்வில் நன்றாகச் செய்தது, அடுத்தடுத்த தாள்களில் பின்தங்கியது. அனுபவம் மிகுந்த, ஆழமாக நடத்திய ஆசிரியர்களுக்கு மாணவர்கள் குறைத்துப் போட்டார்கள்; அவர்களிடம் படித்தவர்களே பின்னால் வந்த தாள்களில் மேலே போனார்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த ரியல் அனாலிசிஸ் ஆசிரியைதான் நினைவுக்கு வந்தார்.

பெண் என்பதும் அவருடைய மார்க்கைக் குறைத்திருக்கலாம். 2015-இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வு. சின்னதுதான், 43 மாணவர்கள். இணையவழி வகுப்பு, ஆசிரியரின் முகம் தெரியாது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கு இரண்டு குழுக்களை நடத்தினார்கள். ஒரு குழுவுக்குத் தன் பெயரில், இன்னொன்றுக்கு மற்றவர் பெயரில். திருத்திய தாள்களை எல்லாக் குழுக்களுக்கும் ஒரே வேகத்தில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனாலும் உரிய நேரத்தில் வேலையை முடிக்கிறாரா என்ற கேள்விக்கு, ஆண் என்று நினைத்தவருக்கு 4.35, பெண் என்று நினைத்தவருக்கு 3.55. நம் மாவட்டத்துக் கல்லூரிகளில், அதிலும் சுயநிதிப் பிரிவுகளில், எத்தனை பெண்கள் பணிபுரிகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இதையெல்லாம் சொல்வதால், மாணவர்களிடம் கேட்கவே கூடாது என்று நான் நினைப்பதாக எண்ண வேண்டாம். என் அனுபவம் அதற்கு நேர் எதிர். நான் நன்றாக நடத்தத் தொடங்கியதே மாணவர்களிடம் கேட்ட பிறகுதான்.

பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் ஆன பின் ஒரு ஜூலை மாதம். செமஸ்டர் தொடங்கி ஐந்தாவது வாரம். வகுப்பு முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கு அரைத்தாள் கொடுத்து, பெயர் எழுத வேண்டாம், எது புரியவில்லை, நான் எதை மாற்ற வேண்டும் என்ற இரண்டை மட்டும் தமிழிலேயே எழுதுங்கள் என்றேன். அடுத்த வாரம்தான் எல்லை பற்றிய பாடத்தை முடிக்க வேண்டும். ஒரு தொடர்வரிசைக்கு எல்லை இருந்தால் அது ஒன்றாகத்தான் இருக்கும் என்ற நிரூபணத்தை முந்தின நாள் நடத்தியிருந்தேன். ஒரு சீட்டில் இப்படி இருந்தது: "சார், எப்சிலான் பை 2 எங்கேயிருந்து வந்தது? நீங்க 'தெளிவாகத் தெரிகிறது'ன்னு சொல்ற இடத்துலதான் எங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எப்சிலான் என்பது எவ்வளவு வேண்டுமானாலும் சிறிதாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் எண். கடைசியில் இரண்டு பாதிகளைக் கூட்டும்போது எப்சிலான் வரவேண்டும் என்பதற்காக முன்கூட்டியே பாதியை எடுக்கிறோம். எனக்கு அது பழகிப்போன விஷயம்; ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மறுநாள் போர்டில் நிரூபணத்தைக் கடைசி வரியிலிருந்து மேலே போகும்படி எழுதிக் காட்டினேன். வகுப்பில் எழுந்த அந்த 'ஆ' என்ற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இன்னொரு சீட்டு: "முதல் பீரியடில் புதுக் கணக்கை ஆரம்பிக்காதீங்க சார். பேச்சிப்பாறை பஸ் 9.40-க்குத்தான் வருது." விடியற்காலையில் அப்பாவுக்கு உதவியாக ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு அதே பஸ்ஸில் வருகிற பையன்கள் என் வகுப்பில் நான்கு பேர். நான் 9.30-க்கே பாடத்தைத் தொடங்கிவிட்டு, அவர்களைக் கவனமில்லாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதன்பின் முதல் பத்து நிமிடம் பழைய கணக்கு ஒன்றை மறுபடி போட்டுக் காட்டுவது என் வழக்கமாயிற்று. எந்த ஐந்து புள்ளி அட்டவணை இதை எனக்குச் சொல்லியிருக்கும்?

மாணவருக்குத் தெரிந்தது ஆசிரியருக்குத் தெரியாது. சத்தம் பின்பெஞ்சுக்குக் கேட்கிறதா, திருத்திய தாள் கைக்கு வந்ததா, எந்த இடத்தில் பிடி விட்டுப்போனது, கேள்வி கேட்கப் பயமாக இருக்கிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் இந்த ஆசிரியருக்குப் பாட அறிவு எவ்வளவு, இவர் நடத்தியது பின்னால் உதவுமா என்று இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் கேட்பது சரியில்லை. அதைப் பார்க்க அதே பாடம் தெரிந்த மூத்தவர் ஒருவர் வகுப்பில் வந்து உட்கார வேண்டும். அந்த ஆசிரியர் போட்ட வினாத்தாள்களைப் பார்க்க வேண்டும். அவரிடம் படித்தவர்கள் அடுத்த செமஸ்டரில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கனடாவில் டொரொன்டோ நகரின் ரயர்சன் பல்கலைக்கழகத்தில் இதே பிரச்சினை நடுவரிடம் போய், 2018-இல் தீர்ப்பு வந்தது. மாணவர்களின் அனுபவத்தை அறிய அவர்களுடைய கருத்து முக்கியம், ஆனால் அந்தச் சராசரியைக் கொண்டு கற்பிக்கும் திறனை அளந்து பதவி உயர்வையோ நிரந்தரப் பணியையோ முடிவு செய்யக் கூடாது என்றார் நடுவர். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இப்போது வேறு பெயர். நமக்கு வேண்டியது தீர்ப்பு.

கொஞ்சம் உழைப்பு கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மூத்தவர் வகுப்பில் உட்காருவது லிங்க் அனுப்புவதைப் போல லேசான காரியம் இல்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்ற மாவட்டம் இது. தூத்தூரிலிருந்தும் அருமனையிலிருந்தும் குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்காக இந்த உழைப்பைச் செய்யத்தான் வேண்டும்.

குளச்சல் நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு 2017-இல் கொண்டுவந்த மதிப்பீட்டு முறையில் மாணவர் திருப்திக் கணக்கெடுப்பு ஒன்று உண்டு. மொத்தம் 21 கேள்விகள். அதில் முதல் கேள்வியே, பாடத்திட்டத்தில் எவ்வளவு வகுப்பில் நடத்தினார்கள் என்பதுதான். ஆகவே உங்கள் மகளின் குறையை யாரும் கேட்காமல் இல்லை. அவளிடம் கேட்டிருக்க வேண்டிய நேரம் ஐந்தாவது வாரம். முதல் யூனிட்டே முடியவில்லை என்று அன்று பத்துப் பேர் அரைத்தாளில் எழுதியிருந்தால், துறைத்தலைவர் மறுநாளே அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கலாம், சனிக்கிழமை வகுப்பு வைத்திருக்கலாம், வேறொருவரிடம் இரண்டு யூனிட்டைக் கொடுத்திருக்கலாம். செமஸ்டர் முடிந்தபின் அவருக்கு 1 போட்டாலும் 5 போட்டாலும், நடத்தாத அந்த இரண்டு யூனிட்டிலிருந்தும் கேள்வி வரும். உங்கள் மகள்தான் அந்தத் தாளை எழுத வேண்டும்.

நான் வேலை பார்த்த கல்லூரியையும் அந்த ஆசிரியையையும் அடையாளம் காட்டிவிடும் என்பதால், என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்