லென்ஸ் கொடுத்த அம்மாவுக்கு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகிறது, காலில் கட்டு அப்படியே இருக்கிறது. மலையில் பூ பார்க்கப் பாதையை விட்டு இறங்கிக் காலில் அடிபட்டதும், மீட்புக் குழு வந்து தூக்கிப்போனதும் உங்களுக்குத் தெரியும், விவரமாகத் திரும்பச் சொல்லவில்லை.

முதல் நன்றி, பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட ஒருவருக்கு. எழுபது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. உச்சிக்குப் போகக் கிளம்பியவர், என்னைப் பார்த்ததும் பையை இறக்கி வைத்துவிட்டு, மீட்புக் குழு வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பாதையை விட்டு ஏன் இறங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதைப் பார்க்க வந்தாய் என்றுதான் கேட்டார். பைப்பர்ஸ் பெல்ஃப்ளவர் என்றேன். வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் தானாக முளைக்காத பூ. அவர் ஒன்றும் சொல்லாமல் என் தோளுக்குப் பக்கத்தில் இருந்த பாறை இடுக்கைக் காட்டினார்.

அங்கே இருந்தது! ஒரு விரல் உயரம்கூட இல்லை, நீலத்தில் ஊதா கலந்த ஐந்து இதழ், ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டிய குட்டி இலைகள். கழுத்தில் தொங்கிய லென்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்து, நடுத்தண்டின் நுனி மூன்றாகப் பிரிந்திருப்பதைப் பார்க்கச் சொன்னார். வலியில் நடுங்கிய கை அந்த லென்ஸைப் பிடித்ததும் கொஞ்சம் நின்றது, நிஜமாகவே நின்றது.

பனியுகத்தில் சுற்றிலும் பனி சூழ்ந்து இந்த மலைகள் தீவுபோல் தனித்து நின்ற கதையைச் சொன்னார். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டு நான் பயந்தபோது ஆடுகளின் கதைக்குப் போய்விட்டார். 1920களில் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்ட மலையாடுகள் பெருகி, இந்தச் செடிகளை மேய்ந்தும் மண்ணில் புரண்டும் அழித்ததால், 2018 முதல் 2020 வரை முந்நூறுக்கும் மேற்பட்டவற்றைக் கண்ணைக் கட்டி ஹெலிகாப்டரில் தொங்கவிட்டுக் கொண்டுபோய், பெரும்பாலும் அவற்றின் சொந்த ஊரான கேஸ்கேட் மலைகளில் விட்டார்களாம். கேட்டுக்கொண்டே இருந்ததில் என்னைத் தூக்க ஆள் வந்ததே தெரியவில்லை.

மீட்புக் குழுத் தன்னார்வலர்கள், ரேஞ்சர்கள், இரவு முழுக்கக் கண்விழித்த செவிலியர்கள், மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த நண்பர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா, உங்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

கால் சரியானதும், அடுத்த ஜூலையில் பூ மலரும்போது திரும்பப் போவேன். பாதையை விட்டு ஓரடிகூட இறங்கமாட்டேன், அந்தச் சரிவில் ஒரு மிதி பட்டால் செடி தேற எத்தனை வருடமாகுமோ. அப்புறம் ஒன்று, லென்ஸ் என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டது. அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பத்திரமாக வைத்திருக்கிறேன்.