தவறான எண்ணுக்குப் போன பணம்: சென்னை வங்கிக் கிளை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மேலாளர்களுக்கு, வணக்கம்.

ஜிபே, போன்பேயில் எண் மாறிப் பணம் அனுப்பிவிட்டேன் என்று கவுன்ட்டருக்கு வருபவருக்கு, பல கிளைகளில் கிடைக்கும் பதில் "நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" அல்லது "1930-க்கு போன் போடுங்க". இரண்டும் சரியல்ல. 1930 இணைய மோசடிக்கான எண். இது கைத்தவறு. இதை மோசடி என்று பதிந்தால் பணம் போய்ச் சேர்ந்தவரின் கணக்கு முடங்கலாம். ஒரு பாவமும் அறியாத அந்த மனிதர் அதன்பிறகு எந்த மனதோடு திருப்பித் தருவார்?

முதலில் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். நம் கணக்கில் கழிந்து எதிர்க் கணக்கில் ஏறாத பணம் என்றால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. 'வெற்றி' என்று காட்டினால்தான் இந்த மடலின் கதை.

அதில் பாதிக் குழப்பம் போனில் சேமித்த பழைய எண்ணால் வருகிறது. கைவிட்ட சிம்மின் எண் 90 நாள் கழிந்தால் வேறொருவருக்குப் போகலாம். 'பால்காரர்' என்று நாம் வைத்த பெயர் மட்டும் போனில் அப்படியே இருக்கும். பணம் போவது புது ஆளுக்கு. ரகசிய எண்ணை (PIN) போடும் முன், பெறுபவரின் பெயராகத் திரையில் வரும் வங்கிப் பதிவுப் பெயரை வாசிக்கச் சொல்லி கவுன்ட்டரில் ஒரு தாள் ஒட்டினாலே புகார்கள் குறையும்.

பெற்றவரின் சம்மதமின்றி அவர் கணக்கில் கைவைக்க முடியாது என்கிறீர்கள். சரிதான். ஆனால் சம்மதம் கேட்பது யார் வேலை? அனுப்பியவரே அழைத்து "தெரியாம வந்துடுச்சு, திருப்பி அனுப்புங்க" என்றால் எதிராளி போனை வைத்துவிடுவார். ஏமாற்றுக்காரர்கள் பேசுவதும் இதே வசனம்தானே! அவர் நம்பக்கூடியது தன் வங்கிக் கிளையின் அழைப்பை மட்டுமே.

எனவே நாங்கள் கேட்பது இது. 12 இலக்க யூடிஆர் எண் (பரிவர்த்தனையின் அடையாள எண்), தேதி, தொகை, அனுப்ப நினைத்த சரியான எண் ஆகியவற்றுடன் எழுத்தில் புகார் வாங்கி, அன்றே புகார் எண் கொடுங்கள். 'தவறான கணக்குக்குப் பரிமாற்றம்' என்ற வகையில் பதியுங்கள். எதிர்க் கிளைக்கு மின்னஞ்சல் மட்டும் அனுப்பிக் காத்திராமல், போனிலும் பேசுங்கள். பணம் வந்து சேர்ந்த கிளையில் இருப்பவர்கள் தங்கள் வாடிக்கையாளரை நேரில் வரவழைத்துச் சம்மதக் கடிதம் வாங்குங்கள். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு சொல்வதையும் மிரட்டலாக இல்லாமல் எடுத்துச் சொல்லுங்கள். கணக்கில் பணம் செலவாகிப் போகுமுன் இது நடக்க வேண்டும். முதல் இரண்டு நாள்தான் முக்கியம்.

பணம் பெற்றவர் மறுத்தால் அதையும் எழுத்தில் கொடுங்கள். வழக்கறிஞர் நோட்டீசுக்கு அந்தத் தாள் உதவும். வங்கி தன் கடமையைச் செய்யாமல் 30 நாள் கடத்தினால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம் என்பதையும் சொல்லுங்கள். அதற்காக யாரும் ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு வெயிலில் அலைய வேண்டியதில்லை.

இப்படிக்கு,
பணப்பரிமாற்றப் புகார்களுக்கு மனு எழுதித் தரும் சென்னைத் தன்னார்வலர்கள்