2007 இன்டர்செப்டருக்கு 2002 வரைக்குமான ஷாக்: மூன்றாவது முறையாக எழுதும் புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆர்டர் எண்ணும், நீங்கள் திறந்து திறந்து மூடிய மூன்று டிக்கெட் எண்களும் மின்னஞ்சலின் தலைப்பில் இருக்கின்றன. ஐந்து வாரம், பதினொரு போன் கால், இரண்டு தப்பான பார்சல், ஒரு வீண் பயணம். இதற்கு மேல் போனில் பேச எனக்குத் தெம்பில்லை. தயவுசெய்து இதைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

வண்டி 2007 ஃபோர்டு கிரௌன் விக்டோரியா போலீஸ் இன்டர்செப்டர். நான் வாங்கியது ஓய்வுபெற்ற போலீஸ் வண்டியைக் குடும்ப வண்டியாக மாற்றுவதற்கென்று நீங்கள் விற்கும் கிட்: நான்கு ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்), பின் கதவு ராடுகள், கூரை ஓட்டைக்கான அடைப்பான்கள். ஆர்டர் போடும்போதே வின் எண்ணை, அதாவது வண்டியின் 17 இட அடையாள எண்ணைக் கேட்டு வாங்கினீர்கள். அதில் 5, 6, 7-ஆம் இடங்களில் போலீஸ் மாடலைக் குறிக்கும் பி71, பத்தாம் இடத்தில் 2007-ஐக் குறிக்கும் 7. இதைவிடத் தெளிவாக ஒரு வண்டியை எப்படிச் சொல்வது?

வந்தவை 2002 வரை வந்த வண்டிக்கான ஷாக்குகள். 2003-இல் என்ன மாறியது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் உங்கள் ஆட்கள் "எல்லாம் ஒரே வண்டிதான்" என்று சாதிப்பதால் எழுதுகிறேன். 2002 வரை முன்பக்கம் ஷாக் தனி, காயில் ஸ்பிரிங் தனி. ஸ்பிரிங் சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்) நடுவே உட்காரும், ஷாக் அதன் வயிற்றுக்குள் நுழைந்து போகும். 2003-இல் ஃபிரேமின் முன்பகுதியையே புதிதாகச் செய்து, ரேக் அண்ட் பினியன் (பற்சட்டமும் பல்சக்கரமும்) வகை ஸ்டீயரிங் வைத்து, ஸ்பிரிங்கை ஷாக்கின் மேலேயே ஏற்றிவிட்டார்கள். நீங்கள் அனுப்பிய ஷாக்கில் ஸ்பிரிங் உட்காரத் தட்டே கிடையாது. பின்பக்கமும் அப்படித்தான். அதே 2003-இல் பின் ஷாக்குகள் ஃபிரேம் ரெயிலுக்கு உள்ளிருந்து வெளிப்பக்கம் போய்விட்டன, போல்ட் போடும் இடமே வேறு. நான்கில் ஒன்றுகூட மாட்டாது. உங்கள் இணையப் பக்கத்தில் இன்னமும் "1998–2011" என்று ஒரே வரியாகப் போட்டு விற்கிறீர்கள்.

திருப்பி அனுப்பச் சொன்னீர்கள். என் செலவில் அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து மறுபடியும் அதே பாகம், அதே பாக எண்!

இரண்டாவது பார்சலுக்குப் பிறகு போன் எடுத்த உங்கள் ஊழியரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே அறிவிக்கிறீர்கள், எடுத்துக் கேளுங்கள். "ஏலத்தில் எடுத்த போலீஸ் வண்டிதானே, எங்கேயாவது இடித்து ஃபிரேம் வளைந்திருக்கும், அதனால்தான் மாட்டவில்லை" என்றார். ஃபிரேம் வளைந்தால் ஷாக் உள்ளே இருந்து வெளியே இடம் மாறுமா? அலைன்மென்ட் அறிக்கை இருக்கிறது, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்த கணக்கும் இருக்கிறது, இரண்டிலும் கோளாறு இல்லை. ஓடிய தூரம் 108,000 மைல். எஞ்சின் ஓடிய மொத்த நேரம் மீட்டரில் 5,200 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 21 மைல்கூட வராது, அதாவது பெரும்பாலான நேரம் எஞ்சினைப் போட்டபடி நின்ற வண்டி. அதில் தேய்வது எஞ்சின், ஷாக் அல்ல. ஷாக் போனது நடைபாதை விளிம்பில் ஏற்றி இறக்கியதால். பின் சீட்டில் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டுகிற வண்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் இரண்டு முறை குதிக்கக் கூடாது என்றுதானே கிட் வாங்கினேன். இதை அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்.

மன்னிக்கவும், கதவு ராடைச் சொல்ல விட்டுவிட்டேன். அதுதான் இதில் ஆபத்தானது. இந்த வண்டியின் பின் கதவுகள் உள்ளேயிருந்து திறக்காது. கைப்பிடி இருக்கும், அதை லாட்ச்சோடு (கதவைப் பிடித்திருக்கும் கொக்கி) இணைக்கும் ராடு இருக்காது. கைதி இறங்கி ஓடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. குடும்ப வண்டியில், விபத்தோ தீயோ என்றால் பிள்ளைகள் உள்ளேயே மாட்டிக்கொள்வார்கள். அதனால் உள் பேனலைக் கழற்றி, நீர் தடுப்புத் தாளைக் கிழிக்காமல் உரித்து, கைப்பிடி ராடு, லாக் ராடு இரண்டையும் போட்டாக வேண்டும். நீங்கள் அனுப்பியதில் இரண்டு ஜோடியும் இடது பக்கத்துக்கானவை. வலது கதவில் வைத்தால் வளைவு எதிர்ப்புறம் திரும்பி, கண்ணாடி இறங்கும் பாதையில் இடிக்கிறது. வலது கதவு இன்று வரை உள்ளிருந்து திறக்கவில்லை.

கூரை அடைப்பான்கள் விஷயம் சின்னது. ஆன்டெனா ஓட்டை முக்கால் அங்குலம், வந்தவை அரை அங்குலம். ஓட்டை விளிம்பில் ப்ரைமர் அடித்து டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இனி அந்தப் பயணம். "நேரில் கிடங்குக்கு வாருங்கள், சரியான ஷாக்கை எடுத்து வைத்திருக்கிறோம்" என்று எழுத்திலேயே சொன்னீர்கள். கொலம்பஸிலிருந்து போக 94 மைல், வர 94 மைல், வாடகைக் காரில். கவுன்ட்டர் சனிக்கிழமை கிடையாது என்று கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வரச் சொன்ன கிழமையே சனிக்கிழமைதான்!

பழைய ஷாக்கைத் திரும்ப மாட்டி ஓட்டியிருக்கலாமே என்று உங்கள் சாட்டில் ஒருவர் கேட்டார். ஒஹாயோவில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு. துரு பிடித்த போல்ட்டுகளுக்கு இரண்டு நாள் எண்ணெய் விட்டும் அசையாமல், நான்கையும் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அறுத்ததை எப்படித் திரும்ப மாட்டுவது? வண்டி ஐந்து வாரமாக ஒர்க்‌ஷாப்பில் ஜாக் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது.

இழப்பு: கிட் 412 டாலர், திருப்பி அனுப்பியது 58, ஒர்க்‌ஷாப் இட வாடகை 375, வாடகைக் கார் 34 நாளுக்கு 1,190, கிடங்குப் பயணம் 60, வீணான வேலை நாட்கள் 600. மொத்தம் 2,695. வண்டியை வாங்கியதே 2,500-க்கு. ஒரு முழு வண்டியை நீங்கள் விழுங்கிவிட்டீர்கள்.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமல்ல. உங்களிடம் சரியான பாகம் இருக்கிறது என்றே இன்னமும் நம்புகிறேன். பத்து வேலை நாட்களுக்குள் அனுப்புங்கள்: 2003-க்குப் பிந்தைய முன் ஷாக், ஸ்பிரிங்கும் மேல் மவுன்ட்டும் ஏற்றியதாகவே, அழுத்திய ஸ்பிரிங்கைக் கையாளும் ஆபத்தை மறுபடி என் தலையில் கட்டாதீர்கள். ஃபிரேமுக்கு வெளிப்புறம் மாட்டும் பின் ஷாக், வலது கதவு ராடுகள், முக்கால் அங்குல அடைப்பான்கள். மேற்சொன்ன செலவுக்கும் பதில் வேண்டும். போனை வைத்த ஊழியரிடமிருந்து எழுத்தில் ஒரு மன்னிப்பும் வேண்டும்.

தவறினால் இந்தக் கட்டணத்தை ஏற்க மாட்டேன் என்று கார்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிடுவேன். ஸ்டேட்மென்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாள் அவகாசம் இருப்பது எனக்குத் தெரியும். ஒஹாயோ அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் போகும். சிறு வழக்கு நீதிமன்றத்தில் 6,000 டாலர் வரை கேட்கலாம், என் கணக்கு அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் ரிம் பக்கத்தையும் அப்படியே திருத்திவிடுங்கள். ஐந்து போல்ட், நாலரை அங்குலம் என்று அளவு ஒன்றாக இருப்பதால் 2002 ரிம் 2007-இல் மாட்டிக்கொள்ளும். ஆனால் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது மாட்டும் முகம் தள்ளியிருக்கும் அளவு) வேறு, டயர் வெளியே தள்ளி நிற்கும். இன்னொருவர் அதில் ஏமாறக் கூடாது.

இரண்டாவது பார்சலில் வந்த நான்கு ஷாக்கும் பெட்டியிலேயே பிரிக்காமல் வாசலில் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இனி நான் கொண்டுவர மாட்டேன்.

இப்படிக்கு,
தலைப்பில் உள்ள ஆர்டரின் வாடிக்கையாளர்
கொலம்பஸ், ஒஹாயோ